சத்தம் வராத காரும் என் மகளின் காதும்

சத்தமே இல்லாத ஒரு காருக்குச் சத்தம் வாங்கிப் பொருத்தலாமா, கூடாதா? மூன்று வாரமாக இந்தக் கேள்வியோடு இருக்கிறேன். பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு ஒலி பற்றிப் பாடம் நடத்துகிறவள் நான். அதிர்வு, அலை, செவிப்பறை என்று கரும்பலகையில் படம் போட்டு, கடைசி பெஞ்சுக்கும் புரியவைத்துவிடுவேன். இந்த ஒரு கேள்விக்கு மட்டும் என்னிடம் விடை இல்லை.

என் கணவருக்குக் கார் என்றால் உயிர். அதிலும் எஞ்சின் சத்தம். பொதட்டூர்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு அவர் பெண் பார்க்க வந்த அன்று, என் அப்பா ஏதோ கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவர் தலை தெருப்பக்கம் திரும்பியது.

"இன்னா தம்பி?" என்றார் அப்பா.

"ஒண்ணுமில்லிங்க. இப்போ போச்சே ஜீப்பு, அதுல ஒரு இன்ஜெக்டர் சரியில்ல. ஓட்டுறவருக்குத் தெரியுமா தெரிலயே."

சுற்றி நாலு வீட்டிலும் விசைத்தறி அடித்துக்கொண்டிருந்தது. அந்த இரைச்சலுக்கு நடுவே அது காதில் விழுந்திருக்கிறதே என்று அப்பாவுக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனது. தறி ஓடும் சத்தத்தை வைத்தே எந்தத் தறியில் நூல் அறுந்தது என்று சொல்கிறவர் அப்பா. எனக்கோ, சற்று முன்பு நான் என்ன படித்தேன் என்று சொன்னது இவர் காதில் விழுந்ததா என்று சந்தேகம். விழவில்லை என்பது கல்யாணத்துக்குப் பிறகு தெரிந்தது.

அவருக்கு அரக்கோணத்தில் ரயில்வே வேலை. மின்சார எஞ்சின்களைப் பழுதுபார்க்கும் இடத்தில். திருத்தணியில் மலையடிவாரத்துச் சந்து ஒன்றில் எங்கள் வீடு. வாசலில் அவருடைய பழைய டீசல் ஜீப். ஞாயிற்றுக்கிழமை காலையில் அதை எடுத்துக்கொண்டு அரக்கோணம் ரோட்டில் இருக்கும் மெக்கானிக் பாய் கடைக்குப் போய்விடுவார். இவரைப் போலவே நாலைந்து பேர் அங்கே சேர்வார்கள். ஒரு வண்டியின் முன்மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்துவிட்டு, எல்லோரும் தலையைச் சாய்த்துக்கொண்டு சும்மா நிற்பார்கள். யாரும் பேசக் கூடாது. பாய் ஒரு நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை எஞ்சின் மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். டாக்டர் நெஞ்சில் வைத்துப் பார்க்கிற மாதிரிதான். பிறகு அவர் ஒரு வார்த்தை சொல்வார். அதைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசுவார்கள்.

மின்சாரக் கார் வாங்கியது என் முடிவு. நான் வேலை செய்யும் பள்ளி பள்ளிப்பட்டு போகிற வழியில் உள்ள கிராமத்தில் இருக்கிறது. காலையில் மகளை எல்.கே.ஜி.யில் விட்டுவிட்டுப் பஸ் பிடிப்பதற்குள் எனக்கு நாக்கு தள்ளிவிடும். ஜீப்பை ஓட்டக் கற்றுக்கொள்ளப் பார்த்தேன். மலைப் பாதை தொடங்கும் ஏற்றத்தில் மூன்று தடவை எஞ்சின் நின்றுபோனது. பின்னால் வண்டிகள் வரிசையாக ஹாரன் அடித்த அடியில் கிளட்ச் எந்தக் காலில் என்றே மறந்துவிட்டது. அன்றே முடிவு செய்தேன்: எனக்குக் கிளட்ச் இல்லாத வண்டிதான். எந்த வண்டி, எத்தனை கிலோமீட்டர் போகும், வீட்டு மின்சாரத்தில் சார்ஜ் ஏறுமா என்று ஒரு நோட்டுப் புத்தகம் முழுக்க எழுதினேன். அவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி படிச்சிருக்க. வாங்கிடலாம்" என்றார்.

பாய் கடையில் அதற்கு நடந்த விசாரணையை அவரே வீட்டில் வந்து நடித்துக் காட்டினார்.

"இது காரே இல்லப்பா, கதவு வெச்ச செல்போனு" என்றாராம் ஒருவர்.

"எங்க வூட்டு மிக்ஸி இதவிட நல்லா பாடும்" என்றாராம் இன்னொருவர்.

பாய் மட்டும் இவரையே மடக்கியிருக்கிறார். "இன்னாப்பா நீ, டியூட்டில எட்டு மணி நேரம் கரண்டு எஞ்சினத் தடவிக்கினு இருக்க. வூட்டுக்கு வந்தா மட்டும் டீசலு கேக்குதா உனுக்கு?"

கார் வந்த வாரமே மலைமேல் பூஜை போடப் போனோம். புது வண்டி வாங்கினால் எங்கள் ஊரில் வேறு பேச்சே கிடையாது. முதலில் முருகனிடம் காட்டிவிட்டுத்தான் மற்ற இடத்துக்கு ஓட்டுவோம். என் நாத்தனாரும் கூட வந்திருந்தாள். மகளுக்குப் பச்சைப் பட்டுப் பாவாடை. குருக்கள் முன்மூடியில் சந்தனமும் குங்குமமும் வைத்து, மாலை போட்டு, கற்பூரம் காட்டினார். நாலு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். "ம், பழத்து மேல ஏத்தி எடுங்கோம்மா" என்று சொல்லிவிட்டு, அடுத்துக் காத்திருந்த பைக்குக்குப் போய்விட்டார்.

ஓட்டுநர் இருக்கையில் நான். கற்பூரப் புகை உள்ளே வரக் கூடாதென்று கண்ணாடிகளை ஏற்றியிருந்தேன். பிரேக்கை மிதித்துக்கொண்டு பொத்தானை அழுத்தினேன். திரையில் பச்சை எழுத்து வந்தது. அந்த வண்டியில் ஸ்டார்ட் என்பது அவ்வளவுதான். குமிழைத் திருப்பி முன்னால் போகும் இடத்தில் வைத்தேன். என்னைப் பொறுத்தவரை வண்டி கிளம்பிவிட்டது. வெளியே நின்றவர்களுக்கு எதுவுமே தொடங்கவில்லை.

நான் காலை எடுத்தேன். காலை எடுத்தாலே மெல்ல ஊர்ந்து போகும் வண்டி அது. ஒரு சாண் போயிருக்கும். அடுத்த வண்டிக்காரர் ஒருவர் "ஏ! நிறுத்து! நிறுத்து!" என்று கத்தினார். என் கணவர் முன்மூடியில் ஓங்கி அறைந்தார். பிரேக்கை மிதித்தேன்.

இடது பக்க முன்சக்கரத்துப் பழம் கொஞ்சம் உருண்டிருக்கிறது. அதைத் தள்ளிவைக்க நாத்தனார் குனிந்திருக்கிறாள். என்ன செய்கிறாள் என்று பார்க்க, என் மகள் அப்பா கையை விட்டுவிட்டு ஓடிப்போய்ச் சக்கரத்தின் பக்கத்தில் குந்தியிருக்கிறாள். நாலு வயதுக் குழந்தை அங்கே குந்தினால் ஓட்டுகிறவர் கண்ணுக்குத் தெரியாது.

நான் இறங்கி ஓடியபோது அவள் எழ முடியாமல் குந்தியபடியே இருந்தாள். பாவாடையின் ஓரம் சக்கரத்துக்கு அடியில்.

"அம்மா, என் பாவாட மேல ஏத்திட்ட" என்றாள். அழவில்லை. புகார் சொன்னாள், அவ்வளவுதான்.

நாத்தனார் தரையில் உட்கார்ந்திருந்தாள். கையில் எலுமிச்சை விதை ஒட்டியிருந்தது. விரலுக்கும் சக்கரத்துக்கும் எவ்வளவு இடைவெளி இருந்தது என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அண்ணி, இனிமே நீங்க எனக்கு லெமன் சாதம் மட்டும் போட்டுடாதீங்க" என்றாள். சிரிக்க முயன்று இரண்டு பேரும் அழுதோம்.

வீட்டுக்கு ஓட்டி வந்தது அவர்தான். அன்று சாயங்காலம் வாசலில் நின்றபடி சொன்னார்: "குழந்த என் கையிலதான இருந்துது. எஞ்சின் சத்தம் வந்தா என் கை தானா இழுத்துப் புடிச்சிக்கும். எத்தன வருஷப் பழக்கம். சத்தம் வரல, கை சும்மா இருந்திடிச்சி."

"இந்த வண்டில சத்தமே வராதுன்னு ஊரெல்லாம் சொன்னதே நீங்கதானேங்க."

"ஆங். வாய்க்குத் தெரிஞ்சிது. கைக்குத் தெரில."

தப்பு அவருடையது மட்டும் இல்லை. கண்ணாடியை இறக்கியிருக்கலாம். ஒரு ஹாரன் அடித்திருக்கலாம். எடுக்கப்போகிறேன் என்று வாயால் சொல்லியிருக்கலாம். இந்த மூன்றையும் அன்றிலிருந்து எத்தனை தடவை மனத்துக்குள் செய்து பார்த்தேன் என்று கணக்கில்லை. இரண்டு வாரம் காரைத் தொடவில்லை. மறுபடியும் பஸ்ஸில் போனேன்.

மூன்றாவது வாரம் திங்கட்கிழமை எடுத்தேன். பயம் போய்விட்டது என்று இல்லை. செய்யும் முறையை முடிவு செய்துவிட்டேன். முதலில் மகள் இருக்கையில் உட்கார்ந்து பெல்ட் போட வேண்டும். அடுத்து நான் வண்டியைச் சுற்றி நடந்து நாலு சக்கரத்தையும் தொட வேண்டும். உள்ளே இருந்து அவள் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று எண்ணுவாள். அதன் பிறகே பொத்தான். சந்தில் எதிர்வீட்டு அக்காவுக்கு இதில் ஒரே கொண்டாட்டம். "டீச்சரம்மா, ஒரு சுத்து போதுமா? மலை மேல மூணு சுத்துவோமே?" என்பார். சொல்லட்டும். இன்றுவரை ஒரு நாள்கூட நான் அதை விட்டதில்லை. மழையிலும் குடை பிடித்துக்கொண்டு சுற்றுகிறேன். இப்போது கோயில் திருவிழாக் கூட்டத்துக்குள்கூடத் தைரியமாக ஓட்டிக்கொண்டு வருவேன். நான் நன்றாக ஓட்டுகிறேன். இதை அவரே ஒத்துக்கொள்கிறார்.

அவருக்கும் இந்த வண்டியில் ஒரு வேலை கிடைத்துவிட்டது. எஞ்சின் சத்தம் இல்லாததால் மற்ற சின்னச் சின்னச் சத்தங்கள் எல்லாம் காதில் விழுகின்றன. கதவுக்குள் ஏதோ கடகடக்கிறது, பின்பக்கம் ஏதோ உருள்கிறது என்று தேடிக்கொண்டே இருப்பார். ஒருநாள் பின் இருக்கையையே கழற்றிவிட்டார். உருண்டது என் தண்ணீர் பாட்டிலின் மூடி. பின்சக்கரத்தின் பேரிங் லேசாக முனகுவதைக் கண்டுபிடித்தபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பாயிடம் ஓட்டிக்கொண்டு போனார். பாயும் கேட்டுவிட்டு, "டீசல் வண்டியா இருந்தா இது ரெண்டு மாசம் கழிச்சித்தான் தெரிஞ்சிருக்கும்" என்று ஒத்துக்கொண்டாராம்.

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் ஜீப்பை ஸ்டார்ட் செய்துவிட்டு, எங்கும் போகாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

"எங்க போறீங்க?"

"எங்கியும் இல்ல. சும்மா கேட்டுக்கினு இருக்கேன்."

எஞ்சின் சத்தத்தை விரும்புகிறவர்கள் மின்சாரக் காரில் அதற்கு ஏங்குவார்களா என்று யாராவது கேட்டால், ஏங்குவார்கள் என்று நான் உறுதியாகச் சொல்வேன். அந்த ஏக்கம் பழகிவிடும் என்றும் சொல்வேன். தறிச் சத்தத்தில் பிறந்து வளர்ந்த நான் திருத்தணிக்கு வந்த புதிதில், வீடு இப்படி அமைதியாக இருக்கிறதே என்று தூக்கம் வராமல் புரண்டிருக்கிறேன். ஒரு மாதத்தில் பழகிவிட்டது. பெரியவர்களின் ஆசையைப் பற்றி எனக்குக் கவலையில்லை. என் கவலை என் மகளின் காதைப் பற்றியது.

அவளுக்கு நடக்கத் தெரிந்த நாளிலிருந்து நான் சொல்லிக்கொடுத்தது இதுதான்: "வண்டி சத்தம் கேட்டா உடனே செவுத்தோரம் வந்துடணும்." எங்கள் சந்தில் நடைபாதை கிடையாது. குழந்தைகள் அங்கேதான் விளையாடுவார்கள். ஜீப் இரண்டு தெரு தள்ளி வரும்போதே அவள் "நைனா வண்டி!" என்று கத்திக்கொண்டு சுவரோரம் போய் ஒட்டிக்கொள்வாள். எனக்கு அதில் பெருமை. சொன்னபடி கேட்கிற பிள்ளை என்று மற்ற அம்மாக்களிடம் சொல்லியிருக்கிறேன்.

ஒரு நாள் பள்ளி விட்டுச் சந்துக்குள் காரைத் திருப்பினேன். நடுவில் மூன்று பிள்ளைகள் குந்திக்கொண்டு சாக்பீஸால் ஏதோ வரைந்துகொண்டிருந்தார்கள். மூன்று முதுகுகளும் என் பக்கம். நடுவில் இருந்தவள் என் மகள். பதினைந்து இருபது அடி முன்பே நிறுத்திவிட்டேன். யாரும் திரும்பவில்லை. ஹாரனில் கை வைத்தேன், அடிக்கவில்லை. திடுக்கிட்டு எந்தப் பக்கம் ஓடுவார்களோ என்று பயம். அவள் சாக்பீஸை மாற்றினாள், பக்கத்துப் பிள்ளையிடம் ஏதோ சண்டை போட்டாள், மறுபடி வரைந்தாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். வண்டி முழு உயிரோடு நின்றிருந்தது, பச்சை எழுத்து எரிந்துகொண்டிருந்தது. கடைசியில் அணைத்துவிட்டு இறங்கி நடந்து போனேன்.

"ம்மா! நீ எப்போ வந்த?"

"இப்பதான். வண்டி வந்தது தெரியலையா?"

"வண்டி வரலியே. சத்தமே கேக்கலியே."

நான் சொல்லிக்கொடுத்ததை அவள் ஒரு புள்ளி தவறாமல் செய்திருக்கிறாள். சொன்னபடி கேட்காத பிள்ளையாக இருந்தால் ஒருவேளை திரும்பிப் பார்த்திருப்பாள்.

அன்றே அவரிடம் சொன்னேன். அந்த ஞாயிற்றுக்கிழமை எங்களையும் பாய் கடைக்கு அழைத்துப் போனார். பாய் ஒரு சின்னப் பெட்டியை ஸ்டூலின் மேல் வைத்தார். காரின் முன்பக்கம் பொருத்திவிட்டால், மெதுவாகப் போகும்போது மட்டும் வெளியே சத்தம் போடும், வேகம் எடுத்தால் நின்றுவிடும். சில புது வண்டிகளில் கம்பெனியிலேயே இப்படி வருகிறதாம். எங்கள் வண்டியில் இல்லை. என்ன சத்தம் வேண்டுமோ அதைப் போட்டுக்கொள்ளலாம். பாய் ஒன்று போட்டார், விமானம் இறங்குகிற மாதிரி இருந்தது. இன்னொன்று போட்டார், ஐஸ் வண்டி மாதிரி.

"இத வெச்சா எல்லாப் புள்ளைங்களும் ஓடியாந்துடும் பாய்" என்றேன்.

என் கணவர் செல்போனை எடுத்து நீட்டினார். "இதப் போடுங்க."

அவருடைய ஜீப்பின் சத்தம். முன்மூடியைத் திறந்து, போனை உள்ளே பிடித்து, அவரே பதிவு செய்திருக்கிறார். எப்போது செய்தார் என்று எனக்குத் தெரியாது. பெட்டியிலிருந்து அது வந்ததும் கடையில் இருந்தவர்கள் வழக்கம்போலத் தலையைச் சாய்த்துக்கொண்டார்கள். "இன்னாப்பா, கரண்டு காருக்கு டீசல் தொண்டையா?" என்று ஒருவர் ஆரம்பித்தார்.

நான் என் மகளைப் பார்த்தேன். அவள் அதற்குள் கடைச் சுவரோரம் போய் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றிருந்தாள். எந்தப் பக்கமும் திரும்பிப் பார்க்கவில்லை. எதிரில் இருந்தது வெறும் ஸ்டூல்.

எல்லோரும் சிரித்தார்கள். "பாத்தியா, எவ்ளோ கரெக்டா வேல செய்யுது" என்றார் அவர். "வெச்சிடலாம்."

"வேணாங்க. கொஞ்சம் யோசிச்சி சொல்றேன்" என்றேன்.

பாய் என்னைப் பார்த்தார். "டீச்சர், இந்த ஊரே சத்தம் கேட்டுத்தான் நவுருது. ஒரு நாள்ல மாத்த முடியாது. உங்களுக்கு எப்போ தோணுதோ அப்போ வாங்க, பெட்டி இங்கியே இருக்கட்டும்."

அன்று திரும்பி வரும்போது, கடைக்கு வெளியே மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடக்க நின்றேன். ஒரு மின்சார ஆட்டோ எங்கள் முழங்கையை உரசாத குறையாகப் போனது. அதன் டயருக்கடியில் சரளைக் கல் நொறுங்கியதுதான் கேட்டது.

அன்றிலிருந்து நான் பாடத்தை மாற்றிவிட்டேன். சந்தில் இறங்கும் முன் நிற்க வேண்டும், இந்தப் பக்கம் பார்க்க வேண்டும், அந்தப் பக்கம் பார்க்க வேண்டும், பிறகுதான் கால். விளையாடும்போது யாராவது ஒருவர் தெருமுனையைப் பார்த்து உட்கார வேண்டும். மூன்று வாரத்தில் பாதி நாள் செய்கிறாள், பாதி நாள் மறக்கிறாள். எங்கள் கார் சத்தம் போடாததால்தான் இந்த அளவாவது பழகியிருக்கிறாள் என்று எனக்குத் தோன்றுகிறது. நாளைக்கு அந்தப் பெட்டியைப் பொருத்தினால் மறுபடியும் காதை நம்பிச் சுவரோரம் போய்விடுவாள். எங்கள் காரிடமிருந்து தப்பித்துவிடுவாள். அந்த ஆட்டோ வரும்போது என்ன செய்வாள்?

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. "நம்ம வண்டியால யாருக்கும் ஒண்ணும் ஆவக் கூடாது. நீ நம்ம பொண்ணுக்கு சொல்லிக் குடுப்ப. பக்கத்து வூட்டுக் குழந்த இப்பதான் தவழுது, அதுக்கு யாரு சொல்லிக் குடுப்பாங்க?" கார் வாங்கிய இடத்தில் கேட்டேன். வெளியில் எதைப் பொருத்தினாலும் அவர்கள் பொறுப்பில்லை என்றார்கள். அது ஒரு விடை இல்லை. கையைக் கழுவிக்கொண்டார்கள்.

இதைப் படிக்கிறவர்களில் பலர் வீட்டில் இப்போது மின்சார ஸ்கூட்டரோ காரோ இருக்கும். ஐந்து வயதுக்குள் பிள்ளையும் இருந்தால், தயவுசெய்து எனக்கு எழுதுங்கள். வண்டிக்குச் சத்தம் வைத்தீர்களா, வைக்காமல் விட்டீர்களா? சத்தத்தை நம்பிப் பழகிய குழந்தையைத் திரும்பிப் பார்க்க எத்தனை நாளில் பழக்கினீர்கள், என்ன சொல்லிப் பழக்கினீர்கள்? சத்தமும் இருக்க வேண்டும், குழந்தை பார்த்து நடக்கவும் வேண்டும் என்று இரண்டையும் ஒன்றாகச் செய்த வீடு எங்காவது இருக்கிறதா? அடுத்த மாதத்துக்குள் பக்கத்து வீட்டுக் குழந்தை நடக்கத் தொடங்கிவிடும். அதற்குள் நான் பாயிடம் வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ சொல்லியாக வேண்டும்.